சுற்றாடல் சட்டங்கள்: வியாபாரி கேட்க வேண்டியது கால அவகாசம்

சுற்றாடல் என்று பேச்சை எடுத்தாலே நமது வர்த்தகர்களில் பலர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அது மரம் நடுபவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிய விடயம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப் போயிருக்கிறது. தெஹிவளை காலி வீதியின் இரு மருங்கிலும் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் டொலர் விலை, வங்கி வட்டி, வற் வரி ஆகிய மூன்றும்தான் கவலை என்பார்கள். நியாயமான கவலைகள்தாம். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இந்நாட்டு வியாபாரத்தை உலுக்கிய சம்பவங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் சில, சுற்றாடலின் பெயரால் சுங்க வாயிலூடாக வந்தவை. மீன் வியாபாரி, பழைய பொருள் வியாபாரி, உரக் கடைக்காரர், பிரிஜ் திருத்துபவர் என்று ஒவ்வொருவராக அதில் அகப்பட்டார்கள்.

இச்சட்டங்கள் வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வேண்டும் என்றே சொல்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட சட்டம் கடலையும் காட்டையும் காக்கிறது, எப்படிப்பட்ட சட்டம் வியாபாரியின் வயிற்றில் மட்டும் அடிக்கிறது என்று பிரித்தறிய நாம் பழகிக் கொள்ள வேண்டும்.

மீனில் இருந்து தொடங்குகிறேன். நமது சூரை, வாள்மீன் வகைகளுக்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. 2013 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் நம்மிடம் வாங்கிய மீனின் பெறுமதி 7 கோடி 40 இலட்சம் யூரோ. புத்தம் புதிய சூரையும் வாள்மீனும் அனுப்பும் நாடுகளில் நாம் இரண்டாம் இடத்தில் இருந்தோம். அந்த வியாபாரம் 2015 ஜனவரியில் அடியோடு நின்றது. நமது மீனில் நோயோ நஞ்சோ இருந்ததால் அல்ல. நமது பல நாட் படகுகள் ஆழ்கடலில் எங்கே போகின்றன, எதைப் பிடிக்கின்றன என்று கண்காணிக்க நம்மிடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லை, இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழுவின் விதிகளை நாம் மதிக்கவில்லை, விதியை மீறியவருக்குத் தகுந்த தண்டனை இல்லை என்பவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. கள்ளத்தனமாகவும் கணக்கில்லாமலும் பிடித்த மீனை வாங்குவதில்லை என்று ஐரோப்பா 2010 முதலே சட்டம் வைத்திருந்தது. ஒவ்வொரு தொகுதி மீனுக்கும் அது எந்தப் படகில் பிடிபட்டது என்ற சான்றிதழ் கூடவே போக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, தடை திடீரென்று வரவில்லை என்பது. 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை என்று சொல்லப்படும் எச்சரிக்கை வந்தது. இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. போதிய முன்னேற்றம் இல்லை என்று 2014 ஒக்டோபரில் சிவப்பு அட்டை அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று மாதம் கழித்தே தடை அமுலுக்கு வந்தது. ஆக, எச்சரிக்கைக்கும் கதவு மூடப்பட்டதற்கும் இடையில் இரண்டு வருடத்துக்கும் மேல் இருந்தது.

தடை வந்த போது முதலில் அடிபட்டது அதிகாரிகள் அல்ல. அதிகாலையில் துறைமுகத்தில் மீனை எடைபோட்டு வாங்குகிறவர், ஐஸ் தொழிற்சாலைக்காரர், ரெஜிபோம் பெட்டி விற்பவர், கட்டுநாயக்கவுக்கு லொறி ஓட்டுபவர் என்று அந்தச் சங்கிலி முழுவதும் ஆட்டம் கண்டது. பேருவளையிலும் வாழைச்சேனையிலும் நீர்கொழும்பிலும் இத்தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் முடிவு என்ன? சட்டம் திருத்தப்பட்டது. தண்டப்பணம் உயர்த்தப்பட்டது. ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பூட்டப்பட்டன. பிடித்த மீனைப் பதியும் புத்தகம் கட்டாயமாயிற்று. 2016 ஜூனில் தடை நீங்கியது. பல வருடம் இழுத்தடித்த வேலையை ஏற்றுமதிக் கதவு மூடப்பட்டதால் சுமார் ஒன்றரை வருடத்தில் முடித்தார்கள். கடலில் மீன் மிச்சமிருந்தால்தான் நாளைக்கும் வியாபாரம் இருக்கும். அந்த வகையில் இது கசப்பான மருந்து, ஆனால் மருந்து என்றே நான் கருதுகிறேன்.

ஐரோப்பியர் என்ன பெரிய யோக்கியர்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுப் பெருங்கப்பல்கள் இதே இந்து சமுத்திரத்தில் வலை வீசிச் சூரையை அள்ளுகின்றன. நமது படகை விடப் பல மடங்கு பெரிய கப்பல்கள் அவை. பலமுள்ளவன் போடும் விதியில் அவனுக்கு வசதியான ஓட்டை ஒன்று இருக்கும் என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. அதற்காக நமது படகில் கருவி பூட்டாமல் இருப்பது நமக்கு எவ்வகையிலும் இலாபமல்ல.

சரி, ஒரு நாடு சுற்றாடலைக் காரணம் காட்டி இன்னொரு நாட்டுப் பொருளை மறிக்கலாமா? உலக வர்த்தக அமைப்பில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இறால் பிடிக்கும் வலையில் கடலாமைகள் சிக்கிச் சாகின்றன என்பதற்காக, ஆமை தப்பிப் போக வாயில் வைத்த வலையைப் பயன்படுத்தாத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடை செய்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் முறைப்பாடு செய்தன. 1998 ஒக்டோபரில் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. ஆமையைக் காக்க வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவது குற்றமல்ல, ஆனால் அமெரிக்கா அதைச் செய்த விதம் பாரபட்சமானது என்றது தீர்ப்பு. அதற்குக் காட்டிய காரணங்களில் ஒன்று நமக்கு மிக முக்கியமானது. கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மாறிக்கொள்ள மூன்று வருடம் கொடுத்த அமெரிக்கா, ஆசிய நாடுகளுக்குக் கொடுத்தது வெறும் நான்கு மாதம்! அமெரிக்கா பிறகு தன் நடைமுறையைத் திருத்திக் கொண்டது. மலேசியா மீண்டும் வழக்காடிய போது, 2001 இல் தீர்ப்பு அமெரிக்காவின் பக்கம் வந்தது.

அதே 2001 நவம்பரில் டோஹாவில் கூடிய வர்த்தக அமைச்சர்கள் இன்னொரு முடிவும் எடுத்தார்கள். பொருட்களின் தரம் பற்றிய புதிய தொழில்நுட்ப விதி ஒன்றை வெளியிட்டால், அதை அமுல்படுத்துவதற்கு முன் சாதாரணமாக ஆறு மாதத்துக்குக் குறையாத அவகாசம் இருக்க வேண்டும் என்பது அது. நமது வர்த்தக சங்கத்தார் இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக் கொள்வது நல்லது.

அவகாசமும் உதவியும் சேர்ந்து வந்தால் வேலை எவ்வளவு சுத்தமாக நடக்கும் என்பதற்கு ஓசோன் உடன்படிக்கையைப் பார்க்கலாம். 1987 இல் மொன்ட்ரியலில் கைச்சாத்தானது அது. ஓசோன் படலத்தைத் தின்னும் வாயுக்களை, உடன்படிக்கையில் சேராத நாட்டுடன் வியாபாரம் செய்யவே கூடாது என்பது அதன் ஒரு விதி. எந்த நாடும் வெளியில் நிற்க விரும்பாததற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கை 1989 டிசெம்பரிலேயே சேர்ந்து கொண்டது. ஆனால் நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பத்து வருட மேலதிக தவணை கொடுத்தார்கள். அத்துடன் ஒரு நிதியம் அமைத்து, தொழிற்சாலைகளை மாற்றவும் திருத்துநர்களைப் பயிற்றவும் பணம் கொடுத்தார்கள். பஞ்சிகாவத்தையிலும் தெஹிவளையிலும் பிரிஜ், ஏசி திருத்தும் பழைய ஆட்களுக்கு ஆர் 12 காஸ் இருந்த காலம் நினைவிருக்கும். அது போய் ஆர் 134 ஏ வந்தது. கடையை மூடிவிட்டு யாரும் வீதிக்கு வரவில்லை. இப்போது ஆர் 22 காஸும் ஒழிக்கப்பட்டு வருகிறது, நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2030 வரை தவணை. அதற்கடுத்த வகை வாயுக்களுக்கும் கிகாலி திருத்தத்தின் கீழ் 2024 முதல் உச்சவரம்பு வந்துவிட்டது. இத்துறையில் இருப்பவர்கள் சரக்கு ஓடர் பண்ணும் முன் இந்த வருடங்களைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை வெளியிலிருந்து வந்த விதிகளைச் சொன்னேன். நமது சொந்தக் கதவை நாம் எப்படி வைத்திருந்தோம்?

ஒரு பக்கம் அகலத் திறந்து வைத்திருந்தோம். 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்களில் குப்பை வந்து இறங்கியது. பழைய மெத்தை, கம்பளம், மீள்சுழற்சிக்கான பொருட்கள் என்று பெயர். உள்ளே வைத்தியசாலைக் கழிவுகளும் இருந்ததாகச் சுங்கம் கூறியது. 2019 ஜூலையில் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்த கொள்கலன்களின் விவகாரம் வெளியானபோது நாடே மூக்கைப் பொத்திக் கொண்டது. இது எப்படிச் சாத்தியமானது? மீள் ஏற்றுமதி மையமாக நாட்டை ஆக்குவதென்று 2013 இல் வந்த ஒழுங்குவிதிகளின் கீழ், சுதந்திர வர்த்தக வலயத்துக்குப் போகும் சரக்குக்கு வழமையான சுங்கக் கெடுபிடிகள் தளர்த்தப்பட்டிருந்தன. அந்த இடைவெளியில் குப்பை புகுந்து விட்டது. அதற்கு முன்னர், 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்த பிறகு, செல்வந்த நாடுகளின் குப்பை ஆசியாவில் எங்கே பூட்டில்லாத வீடு இருக்கிறதென்று தேடிக் கொண்டிருந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் இதே தொல்லைக்கு ஆளாகிக் கொள்கலன்களைத் திருப்பி அனுப்பின.

நமது நாட்டிலும் சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. 2020 செப்டெம்பரில் முதல் 21 கொள்கலன்கள் கப்பலேறின. எஞ்சிய 242 உம் நீதிமன்ற உத்தரவின்படி கட்டம் கட்டமாகப் போய், கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் புறப்பட்டது. திருப்பி அனுப்ப நமக்குக் கை கொடுத்தது 1989 இன் பாசல் சமவாயம். அபாயகரமான கழிவை, வாங்கும் நாட்டின் முன் அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். 2021 ஜனவரி முதல் கலப்புப் பிளாஸ்டிக் கழிவும் அதற்குள் வந்துவிட்டது. பழைய இரும்பு, பழைய அலுமினியம், பழைய கடதாசி என்று நேர்மையாகத் தொழில் செய்யும் நம்மவர்கள் ஏராளம். குப்பைக்காரன் ஒருவன் உள்ளே வந்தால் அவர்களது சரக்கையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். ஆகவே இந்தக் கதவு இறுக்கமாக இருப்பதில் நமக்கு நட்டமில்லை.

மறு பக்கத்தில், ஒரே இரவில் கதவைச் சாத்தவும் செய்தோம். அதுதான் உர விவகாரம். 2019 ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்று சொல்லப்பட்டிருந்தது. பத்து வருடம் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 2021 மே மாதத்தில் வந்த வர்த்தமானியோ இரசாயன உர இறக்குமதியை அப்படியே நிறுத்தியது. பத்து வருடம் பத்து நாளாகிப் போனது. சேதன உரம் அந்த அளவில் நாட்டில் இருந்ததா? இல்லை. சீனாவில் இருந்து கொண்டு வரப்பட்ட உரத்தில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சொல்லி நமது அதிகாரிகள் நிராகரிக்க, கடைசியில் அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டி வந்தது. உரமும் இல்லை, டொலரும் இல்லை. 2021 நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2021 இல் சுமார் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022 இல் சுமார் 34 இலட்சம் தொன்னுக்கு இறங்கியது. தேயிலை 299 மில்லியன் கிலோவிலிருந்து 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. எரிபொருளும் அந்நியச் செலாவணியும் இல்லாமல் போனதும் இதில் சேர்ந்தது உண்மை. ஆனால் தொடக்க அடி அந்த வர்த்தமானியில்தான் விழுந்தது.

அது உண்மையிலேயே மண்ணையும் மக்களின் சுகத்தையும் நினைத்துப் போட்ட தடையா, அல்லது டொலர் மிச்சம் பிடிக்கப் போட்ட தடைக்குச் சுற்றாடல் என்ற போர்வையா என்று அப்போதே பலர் கேட்டார்கள். சர்வதேச வர்த்தக விதிகளில் இதற்கென்றே ஒரு வாசகம் உண்டு. சுற்றாடலைக் காக்கும் நடவடிக்கை, வேடமிட்ட வர்த்தகத் தடையாக இருக்கக் கூடாது என்பது அது. உரத் தடையால் மண்ணுக்கும் நன்மை வரவில்லை. இன்றைக்கு ஒரு விவசாயியிடம் சேதன உரம் பற்றிப் பேசிப் பாருங்கள், எழும்பிப் போய்விடுவார். நல்ல ஒரு நோக்கத்தை ஒரு தலைமுறைக்குக் கெடுத்து வைத்ததுதான் அந்த அவசரத்தின் மிகப் பெரிய நட்டம்.

நானும் தெஹிவளையில் பொதி செய்யும் பொருட்கள் விற்பவன். பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, கப், இடியாப்பத் தட்டு ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபரில் தடை வந்தபோது எனக்கும் நட்டம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் பெப்ரவரியிலேயே அமைச்சரவை முடிவு பத்திரிகைகளில் வந்துவிட்டது. எட்டு மாதம் கையில் இருந்தது. இருந்த சரக்கை விற்று முடித்தேன், புதிதாக ஓடர் போடவில்லை, கடதாசி ஸ்ட்ரோவும் பாக்கு மட்டைத் தட்டும் கொண்டு வந்தேன். இலாபம் சற்றுக் குறைந்தது என்பது உண்மை, ஆனால் மூலதனம் தப்பியது. எல்.சி. திறந்து, சரக்கு நடுக்கடலில் வந்து கொண்டிருக்கும்போது தடை என்றால் என்னைப் போன்றவன் எழுந்திருக்க மாட்டான். பெரிய கம்பனிக்கு அது ஒரு காலாண்டு நட்டம், சிறு இறக்குமதியாளருக்கு வீட்டு உறுதி வங்கியில் போய்விடும்.

இனி வருவதைச் சொல்கிறேன். ஐரோப்பா காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டு வந்திருக்கிறது. மாடு, கொக்கோ, கோப்பி, பாம் எண்ணெய், இறப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு பொருட்களும் அவற்றிலிருந்து செய்யப்படுபவையும், 2020 டிசெம்பர் 31 க்குப் பின் காடு அழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. தேயிலையும் கறுவாவும் இதில் இல்லை. ஆனால் இறப்பர் இருக்கிறது, டயரும் இருக்கிறது. உலகில் சொலிட் டயர் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கும் நாடு நம்முடையது. இறப்பர் எந்தக் காணியிலிருந்து வந்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்ல வேண்டும். நான்கு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணி என்றால் எல்லை முழுவதையும் வரைந்து காட்ட வேண்டும், அதற்குக் குறைந்தால் ஒரு புள்ளி போதும்.

இது தொழிற்சாலை முதலாளியின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கேகாலை, களுத்துறைப் பகுதிகளில் சிறு தோட்டக்காரரிடம் இறப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடைகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஐம்பது பேரிடம் வாங்கிய ஷீட்டை ஒரே கட்டாகக் கட்டி லொறியில் ஏற்றுவது நமது வழக்கம். அந்தக் கட்டில் எது யாருடைய காணி என்ற தடயம் அங்கேயே அழிந்து விடுகிறது. நாளை ஏற்றுமதிக் கம்பனி காணி விபரம் கேட்டால், கொடுக்க முடியாத கடைக்காரரை விலக்கிவிட்டு நேரே தோட்டக்காரரிடம் போகும். மூன்று தலைமுறையாக இருக்கும் இடைத்தரகு வியாபாரம் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் குறைவால் போய்விடும்.

இதைத் தவிர சீமெந்து, இரும்பு, அலுமினியம் போன்றவற்றுக்கு 2026 ஜனவரி முதலான இறக்குமதிகளுக்கு ஐரோப்பா விதித்திருக்கும் காபன் கட்டணமும் உண்டு. நமது ஏற்றுமதியில் அதன் பங்கு சிறியது. அதை இன்னொரு வாரத்தில் பார்க்கலாம்.

ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையையும் மறக்கக் கூடாது. 2010 ஓகஸ்ட்டில் நம்மிடமிருந்து எடுக்கப்பட்டு 2017 மே மாதத்தில் திரும்பக் கிடைத்த அச்சலுகைக்கு 27 சர்வதேச சமவாயங்களை நாம் கடைப்பிடிக்க வேண்டும். அவற்றில் எட்டு, சுற்றாடலும் காலநிலையும் பற்றியவை. மேலே நான் சொன்ன பாசல், மொன்ட்ரியல் இரண்டும் அந்த எட்டில் அடக்கம்.

அரசாங்கத்திடம் நமது வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டியவை அதிகமில்லை. சுற்றாடல் காரணத்துக்காக ஒரு பொருளின் இறக்குமதியைத் தடுப்பதானால் ஆறு மாதம் முன்கூட்டி வர்த்தமானியில் வர வேண்டும், மூன்று மொழியிலும் ஒரே நாளில் வர வேண்டும். எல்.சி. திறந்த சரக்கு உள்ளே வர விட வேண்டும். மாற்றுப் பொருளுக்குத் தீர்வையைக் குறைக்க வேண்டும். பிளாஸ்டிக்கைத் தடுத்து விட்டு, அதற்குப் பதிலான கடதாசிப் பொருளுக்கும் அதே வரியை வாங்கினால் அது சுற்றாடல் கொள்கையல்ல, வருமானக் கொள்கை. தடையே போடாதே என்று மட்டும் நமது சங்கங்கள் போய் நிற்கக் கூடாது. அப்படி நின்றால் உள்ளே கூப்பிட மாட்டார்கள்.

காடழிப்புச் சட்டம் ஏற்கனவே இரண்டு முறை ஒத்திப் போடப்பட்டது. இப்போதைய தவணை ஐரோப்பாவின் பெரிய, நடுத்தரக் கம்பனிகளுக்கு 2026 டிசெம்பர் 30, சிறியவற்றுக்கு 2027 ஜூன் 30. மூன்றாம் முறையும் தள்ளிப் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். போகலாம். 2012 இல் மஞ்சள் அட்டை வந்தபோதும் இப்படித்தான் சொன்னார்கள். இறப்பர் வாங்கும் சகோதரர்கள் அடுத்த கிழமையே ஒரு கொப்பி போடலாம். தோட்டக்காரரின் பெயர், காணி இருக்கும் கிராமம், ஏக்கர் அளவு, ஷீட் கொடுத்த திகதி, நிறை ஆகியவற்றைக் குறிப்பதற்கு ஒரு பக்கம் போதும். மகனையோ கடைப் பையனையோ ஒரு நாள் அனுப்பினால், கையில் இருக்கும் தொலைபேசியிலேயே காணியின் புள்ளியைக் குறித்துக் கொண்டு வருவான்.